மான் சீசனுக்கு முன்: காடு பார்ப்பதும் பரண் கட்டுவதும்

அக்டோபர் கடைசியில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் போன் செய்வார். "அண்ணா, இந்த வருஷம் லைசன்ஸ் வாங்கிட்டேன். எங்க போய் உக்காரலாம்?" அந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நல்ல பதிலாக ஒன்றும் சொல்ல முடியாது. மிச்சிகனில் வில் சீசன் அக்டோபர் 1-ஆம் தேதியே தொடங்கிவிடும். துப்பாக்கி சீசன் நவம்பர் 15. எங்கே உட்காருவது என்பதை அதற்குப் பல மாதம் முன்பே காட்டுக்குள் நடந்து பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். இந்த மாநிலத்தில் பதினோரு சீசன் மரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை போகும் நம் ஆட்களுக்காக, அந்தப் பல மாத வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

மரத்தில் கட்டி ஏறி உட்காரும் மேடையை, இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்பதை, நான் பரண் என்றுதான் சொல்வது. தினைப்புனத்தில் காவலுக்குக் கட்டிய பரணுக்குச் சங்கப் பாடல்களில் இதணம் என்று பெயர். அங்கே பயிரைக் காக்க ஏறினார்கள், இங்கே வெண்வால் மானுக்காக ஏறிக் காத்திருக்கிறோம். ஆனால் இதைச் சொல்லித்தர நம் வீடுகளில் ஆள் கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். அதனால் இங்கே வந்துதான் எல்லாவற்றையும் அடியிலிருந்து கற்றுக்கொள்கிறோம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அவசரப்படாமல் கற்றுக்கொண்டால் போதும்.

முதலில் காகித வேலை

1960 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருந்தால்தான் வழக்கமான உரிமம் கிடைக்கும். அனுபவமுள்ளவர் துணையோடு போகும் அப்ரென்டிஸ் உரிமமும் உண்டு. ஆனாலும் வகுப்பைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள், இலையுதிர்காலத்தில் இடம் கிடைப்பது சிரமம்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. இருந்தாலும் துப்பாக்கியைத் தொடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். விசா விஷயத்தில் நண்பன் சொன்னதை நம்பி இறங்கக் கூடாது.

அடுத்தது இடம். மிச்சிகனில் மாநில வனம் மட்டுமே கிட்டத்தட்ட 40 லட்சம் ஏக்கர். டிஎன்ஆர் என்று எல்லோரும் சொல்லும் இயற்கை வளத் துறையின் மி-ஹண்ட் வரைபடத்தில், வேட்டையாடலாம் என்ற நிலமெல்லாம் தெரியும். தனியார் நிலம் என்றால் அனுமதி வேண்டும். பண்ணை நிலத்துக்கும் அதை ஒட்டிய காட்டுக்கும் வேலியோ பலகையோ இல்லாவிட்டாலும் அனுமதி கட்டாயம். அந்த அனுமதியை ஜூனில் போய்க் கேளுங்கள். நான் கேட்டபோது அந்த விவசாயி வைக்கோல் கட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கையுறை மாட்டிக்கொண்டு நானும் கூட அடுக்கினேன். வேலை முடிந்ததும் அவரே வரப்பு வரப்பாகக் கூட்டிப்போய் எல்லையைக் காட்டினார். இன்றுவரை அந்த நிலத்தில்தான் என் பரண் இருக்கிறது. அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடியிருப்புக் கட்டடங்களிலிருந்து 450 அடிக்குள், அங்கே இருப்பவர் அனுமதியில்லாமல் வேட்டையாடக் கூடாது என்பதையும் வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

பனி உருகும்போது நடங்கள்

என்னைக் கேட்டால், காடு பார்க்க மார்ச் மாதத்துக்கு ஈடில்லை. இலை இல்லை, புதர் இல்லை, கொசு இல்லை. போன நவம்பரில் மான்கள் நடந்த தடம் அப்படியே அமுங்கிக் கிடக்கும். நீங்கள் போய் மானைக் கலைத்துவிட்டாலும் பரவாயில்லை, அது மறக்க ஏழு மாதம் இருக்கிறது. இதே நடையைச் செப்டம்பர் கடைசியில் நடந்தால் சீசனையே கெடுத்துக்கொள்வீர்கள்.

எதைத் தேடுவது? முதலில் ஆண்மான் கொம்பால் உரசிய மரம். இங்கே அதை ரப் என்பார்கள். கை மணிக்கட்டு அளவுள்ள ஆஸ்பென் அல்லது சிடார் கன்றில், முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரியும். கிட்டப்போய் விரலால் தடவிப் பாருங்கள். கொம்பின் அடிப்பகுதியில் இருக்கும் சொரசொரப்பு மரத்தில் அரம் போட்டது போல் கோடு கோடாகப் பதிந்திருக்கும். உரிந்த பட்டையின் நார் கீழே தொங்கும். ஒரு ரப்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஐந்தாறு ரப் ஒரே வரிசையில், ஒரே பக்கம் உரிந்து இருந்தால் அது ஒரு ஆண்மான் திரும்பத் திரும்ப நடந்த பாதை. எந்தப் பக்கம் உரிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் அது வந்திருக்கும்.

அடுத்தது ஸ்கிரேப். குளம்பால் இலையையெல்லாம் பிறாண்டித் தள்ளி, வெறும் மண் தெரியும்படி வட்டமாகக் கிளறி, அதில் சிறுநீர் கழித்து வைத்திருக்கும். மண்ணைவிட அதன் மேலே பாருங்கள். நம் முக உயரத்துக்கு ஒரு கிளை கட்டாயம் இருக்கும். நுனி மென்று ஒடிந்திருக்கும். மான்கள் வாயாலும் நெற்றியாலும் தேய்த்து வாசனை விட்டுப்போகும் கிளை அது. வருடா வருடம் அதே கிளையின் கீழ் ஸ்கிரேப் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் படுக்கை. இலைச்சருகில் நீள்வட்டமாக ஒரு பள்ளம். சிறிதும் பெரிதுமாகப் பல பள்ளம் சேர்ந்திருந்தால் தாயும் குட்டிகளும் படுத்த இடம். தனியாக ஒரு பெரிய பள்ளம், பின்னால் விழுந்த மரம், முன்னால் திறந்த பார்வை என்றால் ஆண்மானாக இருக்கலாம். நம்மூர் ஆட்டுப் புழுக்கை போலவே இருக்கும் மான் புழுக்கையையும் பாருங்கள். குவியலாகப் பல இடத்தில் கிடந்தால் அங்கே மான் நெடுநேரம் மேய்கிறது.

தடம் எல்லா இடத்திலும் இருக்கும். அவை எங்கே நெருங்கி ஒன்றாகின்றன என்பதுதான் முக்கியம். இரண்டு சதுப்புக்கு நடுவே ஒடுங்கிய மேட்டு நிலம், ஓடையில் கரை சரிந்து இறங்கும் இடம், வேலிக் கம்பி தொய்ந்த இடம். இவற்றையெல்லாம் போன் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், புள்ளிகள் தாமாக ஒரு கோடாகச் சேர்வது தெரியும்.

கோடையில் தீனியைப் பாருங்கள்

ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் சோயா வயல் ஓரம் காரை நிறுத்தி, பைனாகுலரில் பார்ப்பது இங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. கொம்பில் வெல்வெட் தோல் போர்த்திய ஆண்மான்கள் நாலைந்து கூட்டமாக மேயும். குழந்தைகளைக் கூட்டிப்போங்கள், நல்ல காட்சி. ஆனால் அதை நம்பிப் பரண் கட்டாதீர்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதலில் வெல்வெட் உரிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். ஜூலையில் பார்த்த மான் நவம்பரில் வேறு எங்கோ இருக்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

அக்டோபர் மானைத் தேட ஓக் மரத்தைப் பாருங்கள். இலை நுனி உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக் இனம், கூர்மையாக முள் போல் முடிந்தால் சிவப்பு ஓக் இனம். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, செப்டம்பரிலேயே உதிரத் தொடங்கும், மான் அதைத்தான் முதலில் தேடிப்போகும். ஆகஸ்டில் பைனாகுலரை மரத்து உச்சிக்குத் திருப்பி, எந்த மரம் காய்த்திருக்கிறது என்று பாருங்கள். எல்லா மரமும் எல்லா வருடமும் காய்ப்பதில்லை.

சோளமோ ஆப்பிளோ கொட்டி மானை வரவைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். மிச்சிகனின் காட்டு மான்களிடம் சிடபிள்யூடி என்ற உயிர்க்கொல்லி நோய் 2015-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்துத் தின்றால் நோய் பரவும் என்பதால், 2019-இல் மாநிலத்தின் தென்பகுதியான லோயர் பெனின்சுலாவில் தீனி போட்டு வேட்டையாடுவதற்குத் தடை வந்தது. விதிகள் மாறக்கூடும், அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மான் கடக்கும்போது தானாகப் படம் எடுக்கும் கேமராவை மரத்தில் வைப்பதானால் இடுப்பு உயரத்தில், வடக்குப் பார்த்து வையுங்கள், வெயில் லென்ஸில் விழாது. முன்னால் இருக்கும் புல்லை அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் காற்றில் ஆடும் புல்லை ஆயிரம் படம் எடுத்துவைத்திருக்கும். படம் பார்க்க வாரா வாரம் போக வேண்டாம்.

கோடை நடைக்கு முழுக்கால் பேன்ட், அதைக் காலுறைக்குள் செருகுங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இங்கே உண்டு. உடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவைத்துப் போடுவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள்.

காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். தடம் அதிகமாக இருக்கும் இடம் பரணுக்கு நல்ல இடம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வாசனை மானுக்குப் போகாத இடம்தான் நல்ல இடம். மானின் கண்ணை ஏமாற்றலாம், காதையும் ஓரளவு ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது.

ஓர் உதாரணம். வடக்கே சிடார் சதுப்பு, அங்கே மான் பகலில் படுக்கிறது. தெற்கே சோயா வயல், மாலையில் மேய வருகிறது. நடுவில் வடக்கு தெற்காகத் தடம். மிச்சிகனில் மேற்குக் காற்று அதிகம். அப்படியானால் பரண் தடத்துக்குக் கிழக்கே, இருபது கஜத்தில் இருக்க வேண்டும். உங்கள் வாசனை கிழக்கே போய்விடும், மான் உங்களுக்கு மேற்கே இருக்கும் தடத்தில் நடக்கும். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் அதே பரணில் உட்கார்ந்தால் வாசனை நேராகத் தடத்தில் விழும். அன்றைக்கு அங்கே போகவே கூடாது. அதனால்தான் முடிந்தவர்கள் வெவ்வேறு காற்றுக்கு இரண்டு இடம் தயார் செய்கிறார்கள்.

சரிவான நிலத்தில் இன்னொன்றும் உண்டு. காலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே எழும்பும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். ஓடைக்கரை மேட்டில் மாலையில் உட்கார்ந்தால், உங்கள் வாசனை தண்ணீர் போலக் கீழே இறங்கி ஓடையில் தேங்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. இங்கே வயலோரங்களில் மில்க்வீட் செடி முளைக்கும், நம் எருக்கஞ்செடியின் குடும்பம். ஊரில் எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே பஞ்சுதான். செப்டம்பர் கடைசியில் காய் முற்றியதும் சிலவற்றைப் பறித்துச் சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பரணில் உட்கார்ந்து ஓர் இழையை விட்டுப் பாருங்கள். முதலில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றோடு போகும். முப்பது கஜம் தாண்டியதும் மெல்லத் தாழும், ஒரு பெரிய மரத்தைச் சுற்றும், திரும்பித் தடத்தின் மேல் வந்து நிற்கும். போன் ஆப்பில் மேற்குக் காற்று என்று போட்டிருக்கும் அதே நேரத்தில் இது நடக்கும். நான் ஒரு பரணை இடம் மாற்றியதே அப்படி ஓர் இழை திரும்பி வந்ததைப் பார்த்துத்தான்.

மரம்

ஆஷ் மரத்தில் கட்டாதீர்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002-இல் தென்கிழக்கு மிச்சிகனில்தான் அமெரிக்காவிலேயே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. நேராக, கிளையில்லாமல், பரணுக்கென்றே வளர்ந்தது போல் நிற்கும். ஆனால் உள்ளே செத்திருக்கும், சட்டென்று ஒடியும். எந்த மரமாக இருந்தாலும் உயிருள்ளதா என்று இலை இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்கினால் வேறு மரம் பாருங்கள். ரோமம் முளைத்த கயிறு போல் ஒரு கொடி மரத்தில் ஏறியிருந்தால் அது பாய்ஸன் ஐவி. இலை உதிர்ந்த பிறகும் தொட்டால் கொப்பளிக்கும்.

ஆகஸ்டில் கட்டும்போது சுற்றிலும் பச்சைத் திரை இருக்கும். நவம்பரில் அது இருக்காது, மொட்டை மரத்தில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள். அதனால் பழுப்பு இலையைக் குளிர்காலத்திலும் பிடித்துவைத்திருக்கும் ஓக், இல்லையென்றால் ஹெம்லாக், பைன், அதுவும் இல்லையென்றால் இரண்டு மூன்று தண்டாகப் பிரிந்த மரம் தேடுங்கள்.

மாநில நிலத்தில் பார்வைக்காகக் கிளை வெட்டக் கூடாது. ஆணி, திருகுப் படி எதையும் மரத்தில் இறக்கக் கூடாது. தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் வெட்டலாம். ஆனால் ஓக் மரத்தை ஏப்ரல் பாதியிலிருந்து ஜூலை பாதி வரை வெட்டாதீர்கள். அந்தக் காயத்தின் வழியாக ஓக் வில்ட் நோய் பரவி மரமே செத்துவிடும். இரண்டு மூன்று சந்து திறந்தால் போதும்.

பரணும் ஹார்னஸும்

புதியவர்களுக்கு நான் சொல்வது ஏணிப் பரண். கனமாக இருக்கும், தூக்கிச் செல்ல இரண்டு பேர் வேண்டும், ஆனால் ஏறி இறங்க எளிது. மரத்தில் தொங்கவிடும் சிறு மேடையும், நம்மோடு சேர்ந்து மரம் ஏறும் கிளைம்பரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உயரம் 15 அடி போதும், 20 அடிக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பரணில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். உங்கள் எடையோடு குளிருடை, பூட்ஸ், பை, ஆயுதம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

மாநில நிலத்தில் செப்டம்பர் 1-க்கு முன் பரண் வைக்க முடியாது, மார்ச் 1-க்குள் கழற்றிவிட வேண்டும். பெயரும் முகவரியும், அல்லது மிச்சிகன் ஓட்டுநர் உரிம எண், தரையிலிருந்து படிக்கும்படி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பெயர் எழுதிவிட்டதால் அந்த மரம் நமக்குச் சொந்தமாகிவிடாது. முதல் நாள் காலையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் சண்டை வேண்டாம், இரண்டாவது இடத்துக்குப் போங்கள்.

பழைய பரண் என்றால் முதலில் அதை மரத்தோடு இறுக்கிக் கட்டும் ஸ்ட்ராப்பைப் பாருங்கள். ஒரு வருடம் தனியார் நிலத்தில் பரணை மரத்திலேயே விட்டுவிட்டேன். ஆகஸ்டில் போய்ப் பார்த்தபோது ராட்செட் ஸ்ட்ராப் முன்பக்கம் புதிது போலவே இருந்தது. கூட வந்த நண்பர், "பின்னாடியும் பாரு" என்றார். மரத்தைச் சுற்றிப் போனேன். பட்டையோடு ஒட்டிய பக்கத்தில் அணில் கடித்து, இரண்டு அங்குல அகலத்தில் கால் அங்குலம்தான் மிச்சம் இருந்தது. அந்தக் கால் அங்குலத்தை நம்பி ஏறியிருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. இப்போதெல்லாம் சீசன் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். மரம் பருக்கும், ஸ்ட்ராப் இழுபடும், வெயிலில் நூல் மக்கும். விலை கொஞ்சம்தான், தயங்காமல் மாற்றுங்கள்.

ஹார்னஸ் இல்லாமல் தரையை விட்டுக் கால் எடுக்காதீர்கள். இடுப்புப் பெல்ட் போதாது, தோளும் தொடையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் வேண்டும். மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும்தான் அதிகம் விழுகிறார்கள். அதற்காகத்தான் லைஃப்லைன் கயிறு. பரணுக்கு மேலே மரத்தில் கட்டி, தரை வரை தொங்கவிட வேண்டும். அதில் புரூசிக் முடிச்சு ஒன்று இருக்கும். கையால் தள்ளினால் நகரும், உடல் எடை விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே அதில் மாட்டிவிட்டு, ஏற ஏற முடிச்சை மேலே தள்ளிக்கொண்டே போங்கள். உட்கார்ந்ததும் முடிச்சைத் தலைக்கு மேல் நகர்த்தி, தொய்வே இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுவீர்கள்.

அந்தக் கயிற்றை முதல் தடவை கட்டப் போகும்போது மரத்தைச் சுற்றிப் போடும் லைன்மேன் பெல்ட்டையும் மாட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் கீழே ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். தனியாகப் பரண் கட்டப் போகாதீர்கள்.

வாங்கிய ஹார்னஸைத் தரைக்கு ஓரடி மேலே, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, மாட்டித் தொங்கிப் பாருங்கள். தொடைப்பட்டை எப்படி அழுத்துகிறது என்று அப்போதுதான் தெரியும். அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே ஆபத்தாகிவிடும். அதனால் காலை வைத்து மிதித்து எழும்பும் சிறு ஸ்ட்ராப் ஹார்னஸோடு வரும், அதை எப்போதும் எட்டும் இடத்தில் வையுங்கள். போன் பையில் இருக்கக் கூடாது, சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

ஆயுதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவே கூடாது. துப்பாக்கியானால் குண்டு எடுத்து, குண்டு ஏறும் பகுதியான ஆக்‌ஷனைத் திறந்து, குழல் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டித் தூக்குங்கள். இதற்கும் ஒரு கயிற்றை இப்போதே பரணில் கட்டிவிடுங்கள்.

போகும் வழி

மேலே சொன்ன உதாரணத்தில் வடக்கே சதுப்பு, தெற்கே வயல். காரிலிருந்து பரணுக்கு வயல் வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் இருட்டில் திரும்பும்போது வயல் முழுக்க மான் நிற்கும், எல்லாம் கலைந்து ஓடும். கிழக்கே வேலியோரமாகச் சுற்றிப் போகும் வழியைச் செப்டம்பரிலேயே தயார் செய்யுங்கள். காய்ந்த குச்சியைப் பொறுக்கி ஓரமாகப் போட்டால் காலடிச் சத்தம் கேட்காது. அந்த வழியை இருட்டில் ஹெட்லேம்ப்போடு ஒரு தடவை நடந்து பாருங்கள்.

வில்லோடு பழகுபவர்கள் செப்டம்பரில் ஹார்னஸ் மாட்டி, ஏதாவது உயரத்திலிருந்து கீழே எய்து பழகுங்கள். தரையில் நின்று எய்வது வேறு, மேலிருந்து குனிந்து எய்வது வேறு. பரணிலிருந்து கண்ணில் படும் நாலு மரங்களுக்குத் தூரம் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி சீசனுக்கு ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேலாடையும் வாங்கிவிடுங்கள். பரண் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வரைபடப் புள்ளியை மனைவிக்கு அனுப்பிவிட்டுத்தான் காரைவிட்டு இறங்குவேன்.

செப்டம்பர் இருபதுக்குள் எல்லா வேலையும் முடியட்டும். அதற்குப் பிறகு கேமராவில் என்ன வந்திருக்கிறதோ என்று மனம் துடிக்கும். போகாதீர்கள். சீசன் தொடங்கி, உங்கள் பரணுக்கு ஏற்ற காற்று அடிக்கும் முதல் நாள் வரை அந்தக் காட்டை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.